டயர்க்கடை ஞானதுரையும் நான் குறைத்துச் சொன்ன கனமும்

செய்தி வந்தபோது நான் கம்பத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பிக்கப்புக்குக் காற்று வைத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவன் போனில் கூப்பிட்டான். "அண்ணே, தேனி அல்லிநகரம் டயர்க்கடை ஞானதுரை அண்ணன் தவறிட்டாக. காலையில ஷட்டரைத் தூக்கக் குனிஞ்சவுக அப்படியே உக்காந்துட்டாகளாம்" என்றான். நான் "சரிப்பா" என்றேன். பின்பக்க இடது டயரில் இன்னும் ஐந்து பவுண்டு குறைவாக இருந்தது. அதை வைத்து முடித்து, மூடியைத் திருகி, வலது டயரையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். சின்னமனூர் தாண்டும் வரை எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தாண்டிய பிறகும் தோன்றவில்லை.

தேனிக்குள் நுழையும்போதே சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். வயது ஐம்பத்தாறு என்று போட்டிருந்தது. பழகிய புதிதில் நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. என்னைவிட மூன்று வயது இளையவர் என்று அந்தச் சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் வேதப் புத்தகம். விரல் நகங்களின் ஓரத்தில் டயர்க் கருப்பு அப்படியே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் மாலையை வைத்துவிட்டு வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றும் அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருக்கிறது. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு படத்தைத் திறக்கிறார்கள். அன்று கொடுக்கப்போகும் சிறு புத்தகத்துக்கு நம் வண்டி உரிமையாளர் சங்கத்தின் சார்பில் என்னை எழுதச் சொன்னார்கள். ஏன் என்னை என்று உங்களுக்குத் தெரியும். 'ஞானதுரை கடை டயர் வெடிச்சுத்தான் மச்சான் காலு போச்சு, அப்பவும் செல்லப்பாண்டி அந்தக் கடைய விடலையே, பெரிய மனசுய்யா' என்று ஆறு வருடமாக எனக்கு ஒரு நல்ல பேர் இருக்கிறது. அந்த நல்ல பேர் பொய். எப்படிப் பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அவர் எப்படி டயர் விற்பார் என்று சொல்லியாக வேண்டும். அவரிடம் போகாதவர்களும் இதைப் படிப்பீர்கள்.

எனக்கு ஜெனரேட்டர் வாடகைத் தொழில். கல்யாணம், திருவிழா, எஸ்டேட் கோயில், மாதா பெருநாள், எதுவானாலும் பிக்கப்பின் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரில் ஜெனரேட்டரைக் கோத்துக்கொண்டு போவேன். முதல்முறை அவர் கடைக்குப் போனபோது டிரெய்லரைக் கம்பத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறும் வண்டியோடுதான் போனேன். பின் டயர் இரண்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்னால் இருந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னத்த இழுக்குறீக?"

"ஜெனரேட்டருண்ணே."

"அது எங்கன?"

"வீட்டுல நிக்குது."

"அப்ப நீங்களும் வீட்டுக்குப் போயி அதையும் கூட்டிட்டு வாங்க. ஹேங்கர்ல தொங்குற சட்டைய வச்சு யாராவது தொப்பைக்கு அளவு எடுப்பாகளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கம்பத்திலிருந்து தேனி என்ன பக்கத்துத் தெருவா? இதே ஊரில் இன்னும் எத்தனையோ டயர்க்கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் "இருக்கே. மூணாவது கடையில ஆளு நல்லவரு, டீயெல்லாம் குடுப்பாரு" என்று சிரிக்காமல் சொன்னார். நான் அந்த மூன்றாவது கடைக்குப் போகவில்லை. வீம்புக்காகத்தான் அடுத்த வாரம் ஜெனரேட்டர், வயர்ச் சுருள், டீசல் பேரல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அன்று அவர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்து வெங்காய மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கிற தராசை உருட்டிக்கொண்டு வரச் சொன்னார். டிரெய்லரைக் கழற்றி, அதன் மூக்கைத் தராசின்மேல் வைத்து, கொக்கியில் எவ்வளவு கனம் விழுகிறது என்று பார்த்தார். மண்டிக்காரர் "யோவ், இது வெங்காயத்துக்குய்யா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். இவர் காதிலேயே வாங்கவில்லை. மறுபடி கொக்கியில் மாட்டி, பின் டயரின் குறுக்கே நீலச் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, பத்தடி முன்னால் போகச் சொன்னார். கோட்டின் இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் மட்டும் நீலம் நின்றது. "பாத்தீகளா, ஓரம் மட்டும்தான் தரையில படுது. ஒங்க டயரு கனத்தத் தாங்கலை, முட்டி போட்டுக் கெடக்கு" என்றார்.

அப்புறம்தான் டயர் எடுத்தார். கம்பெனி பேர், தரையில் பதிகிற பட்டன்களின் அழகு எதையும் பேசவில்லை. பக்கச் சுவரில் பாரத்துக்கான எண் எங்கே இருக்கிறது, டயர் செய்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக எங்கே இருக்கிறது என்று காட்டி, அதை என்னையே வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல வாசித்தேன். யார் வந்தாலும் இதே சடங்குதான். பழைய சரக்கைப் புதிதென்று விற்றுவிட்டார் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

இரண்டு டயர் மட்டும் வாங்குகிறவர்கள் அதை முன்னால் போடச் சொல்வார்கள். அவர் விடமாட்டார். "புது டயரை முன்னாடி போட்டா பாக்குறவுகளுக்கு அழகா இருக்கும். பின்னாடி போட்டா நீங்க வீட்டுக்கு வருவீக. எது வேணும்?" என்பார். பாதிப் பேர் முறைத்துக்கொண்டு பின்னால் மாட்டிக்கொள்வார்கள். மீதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்த மாட்டார். வியாபாரத் தந்திரம் சுத்தமாகத் தெரியாத மனிதர். கடுகடுவென்று இருப்பார், அவசரமென்றால் இன்னும் மெதுவாக வேலை செய்வார். செத்தவரைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. அந்தக் கடுகடுப்பு இல்லையென்றால் அது அவர் இல்லை.

இன்னொரு விஷயம் உங்களில் பல பேருக்குத் தெரியாது. அவருக்கு நான்கு சக்கர வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு பழைய மொபெட்தான். டயர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, வாங்கியவர்களின் வண்டியிலேயே ஏறி வருவார். என்னோடு ஒருமுறை குமுளிக்கு வந்தார். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவருக்குக் குமட்டல் வந்துவிட்டது. மடியில் கட்டி வந்திருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி டயர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். நிறுத்துகிற இடமெல்லாம் இறங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை டயர்மேல் வைத்துப் பார்த்தார். எஸ்டேட்டில் இருந்த மலையாளத்துக்காரர் எங்கள் டிரெய்லரைப் பார்த்துவிட்டு "கொழப்பமில்லா", ஒன்றும் பிரச்சினை இல்லை, என்றார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏத்தத்துல எல்லா டயரும் நல்ல டயருதான் சேட்டா. எறக்கத்துல கேக்கணும், கொழப்பம் இருக்கா இல்லையான்னு" என்றார். இறக்கத்தில் மூன்று இடத்தில் நிறுத்தி டயரை ஆறவிடச் சொன்னார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். அப்போதும் காற்று எவ்வளவு என்று பார்க்காமல் வண்டியில் ஏறவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் போன எல்லோரிடமும் அவர் கேட்டதுதான். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செக்போஸ்ட்டில் என்ன கனம் என்று கேட்டால், இருப்பதில் பாதியைச் சொல்வோம். தினமும் சொல்லிச் சொல்லி அது நமக்கே உண்மை மாதிரி ஆகிவிடும். பெண்டாட்டி கேட்டாலும் அதே கணக்கைத்தான் சொல்வோம். ஞானதுரைக்கு இது தெரியும். அதனால் யார் கனம் சொன்னாலும், சாக்பீஸை நீட்டிக்கொண்டு கேட்பார்: "செக்போஸ்ட்டுக்குச் சொல்ற கனமா, சாமிக்குச் சொல்ற கனமா?" ஆட்கள் சிரித்துவிட்டு இரண்டாவது கணக்கைச் சொல்வார்கள். அதுதான் சரியாக இருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பெருநாள் சீசனுக்கு முந்தி, நான் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். டிரெய்லரையும் மாற்றினேன். பின் டயரை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வாரம் ஞானதுரை கடையில் இல்லை. அவர் மனைவி கிரேஸுக்கு ஆப்பரேஷன், மதுரை ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். கடையில் டயர் மாட்டுகிறவர் மட்டும் இருந்தார். ஞானதுரையைக் கேட்காமல் அவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். அதனால் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டேன். பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அவசரமாண்ணே? ரெண்டு நாளு பொறுத்தா நானே வந்து பாத்துருவேன்" என்றார்.

"நாளைக்கு மலைக்கு ஏறணும்ணே. அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

"சரி, டிரெய்லரு என்ன கனம்? பின்னாடி தொட்டியில என்ன?"

நான் சொன்னேன். டிரெய்லர் பழையதைவிடக் கொஞ்சம்தான் கூட, பிக்கப்பின் சாமான் தொட்டியில் நாலு வயர்ச் சுருள் மட்டும் என்று சொன்னேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குரல் சோர்ந்திருந்தாலும் கேட்டார்.

"சாமிக்குச் சொல்றதுதாண்ணே" என்றேன்.

வாய் கூசவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். தொட்டியில் இரும்பு விளக்குக் கம்பங்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகள், டீசல் பேரல் இரண்டு இருந்தன. புது டிரெய்லரின் கனம் நான் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு. உண்மையைச் சொன்னால் அந்தக் கனத்துக்கான டயரை மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், நான்கு நாள் ஆகும், அதுவரை சாமான்களை வேறு வண்டியில் ஏற்றச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். பெருநாள் கைவிட்டுப் போகும். இதெல்லாம் யோசித்துச் சொன்ன பொய்யா, வாய்ப்பழக்கத்தில் வந்த பொய்யா என்று கேட்டால், இரண்டும்தான். பக்கத்து சீட்டில் என் மச்சான் ராசு உட்கார்ந்திருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

அந்தச் சீசன் முழுக்க, நான் சொன்ன கனத்துக்கு அவர் போனில் சொல்லி மாட்டவைத்த டயரிலேயே மலை ஏறி இறங்கினேன். முடிந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் ஆகவில்லை. குமுளி இறக்கத்தில், மின்சார நிலையத்துக் குழாய்கள் தெரிகிற வளைவுக்கு அடுத்து, நல்ல வெயிலில், பின் இடது டயர் வெடித்தது. டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது, வண்டி கைப்பிடிச் சுவரில் உரசி நசுங்கி நின்றது. ராசுவின் பக்கம்தான் நசுங்கியது. அவன் கத்தவில்லை. "மாமா, காலு எங்கன இருக்குன்னு தெரியலை" என்று மட்டும் சொன்னான். கால் பிழைத்தது, ஆனால் வளைந்துவிட்டது. இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான்.

அங்கே கூடிய ஓட்டுநர்கள் டயரைப் பார்த்தார்கள். பட்டன் புதிதாக இருந்தது. "புது டயராட்டம் இருக்கே, எங்கன வாங்குனது?" என்று ஒருவர் கேட்டார். "தேனியில, ஞானதுரை கடை" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்றார்கள். மனைவி ஆஸ்பத்திரிச் செலவுக்கு அப்படிச் செய்திருப்பார் என்றுகூடப் பேசினார்கள். ஒவ்வொருவரையும் அந்த நான்கு இலக்கத்தை வாசிக்க வைத்த மனிதரைப் பற்றி, அதை வாசித்தவர்களே அப்படிப் பேசினார்கள். நீங்களும் பேசியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, பேச வைத்தது நான்.

எஸ்டேட் ஜீப்புகள் முதலில் அவர் கடைக்கு வராமல் நின்றன. பிறகு வாழைக்காய் ஏற்றும் வண்டிகள் நின்றன. அவர் கடை வாசலில் வண்டிகள் நிற்கிற இடத்தில் மண்டிக்காரர் வெங்காய மூட்டை அடுக்க ஆரம்பித்தார். முதலில் கேட்டுக்கொண்டு அடுக்கினார், அப்புறம் கேட்கவில்லை.

வெடித்த நான்காம் நாள் ஞானதுரை கம்பத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் ராசுவின் கட்டிலருகே ஆப்பிள் பையை வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணினார். பிறகு டயர் எங்கே என்று கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அங்கே நின்ற டிரெய்லரையும் இறக்கி வைத்த சாமான்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் உள்பக்கம் கையை விட்டுச் சுற்றிலும் தடவினார். ஆணியோ கல்லோ குத்தியிருந்தால் ஓரிடத்தில் கிழியும். இது சுற்று முழுக்க ஒரே மாதிரி நூல் பிரிந்திருந்தது. அளவுக்கு மேல் கனம் ஏறி, சூடாகிச் சூடாகிப் பிரிந்த டயர் அப்படித்தான் இருக்கும் என்று அவரே எனக்கு முன்பு காட்டியிருக்கிறார். எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காத்து எவ்வளவு வச்சிருந்தீக?"

"நீங்க சொன்ன அளவுதாண்ணே."

"ம்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் தரையைப் பார்த்தேன். அவர் மொபெட்டை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரே இரண்டு புது டயரோடு வந்து, கையோடு மாட்டிக் கொடுத்தார். காசு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். அவர் போன பிறகு பக்கச் சுவரைப் பார்த்தேன். பாரத்துக்கான எண், நான் போனில் சொன்ன கனத்துக்கானது அல்ல. மறைத்த கனத்தையும் சேர்த்து என்ன வருமோ அதற்கானது. ஆக, அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று புறப்படும்போது என்னிடம் அவர் சொன்னது, "பாத்து ஓட்டுங்க சார்." அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

நான் அந்தக் கடையை விடவில்லை என்பது உண்மைதான். விட முடியவில்லை. பெரிய வண்டிக்கு, டிரெய்லருக்கு, ஸ்டெப்னிக்கு என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் போனேன். அவர் தராசை உருட்டி வருவார், கோடு கிழிப்பார், டயர் எடுத்துத் தருவார், நான் நான்கு இலக்கத்தை வாசிப்பேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்க மாட்டார். எனக்கு முன்னாலேயே இன்னொருவரிடம் சிரித்துக்கொண்டு கேட்பார். என் முறை வந்தால் வாயைத் திறக்காமல் தராசைப் பார்த்து எழுதிக்கொள்வார். அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், தெரிந்தவரிடம் போய் என்னத்தைச் சொல்வது என்று மனதைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். புது டயர் கொடுத்தாரே, அதோடு கணக்கு முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன். வெளியில் எனக்கு நல்ல பேர் வளர்ந்துகொண்டிருந்தது. அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதை எழுத உட்காரும் முன் கிரேஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் தேனிக்குப் போனேன். பகல் பதினொரு மணி இருக்கும். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே உட்கார்ந்து பழைய பில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தது கிரேஸ் தங்கச்சி. நான் நின்றுகொண்டே சொன்னேன். டயரில் குறை இல்லை, நான்தான் கனத்தைக் குறைத்துச் சொன்னேன், ஊர் பேசியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வருடம் வராத பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கிரேஸ் நூலை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தது.

"தெரியும்ணே. ராசு அண்ணன் கட்டுப் பிரிச்ச மாசமே கம்ப ஊண்டிக்கிட்டு பஸ் ஏறி வந்து அவுககிட்டச் சொல்லிட்டாக. 'நானே சங்கத்துல நின்னு சொல்றேன், ஒங்க பேரு கெட வேணாம்'னாக. இவுகதான் வேணாம்னுட்டாக."

"ஏம்மா?"

"'பாண்டி அண்ணே வருவாக கிரேஸு, அவுக வாயால சொல்லட்டும்'னாக. நான் சண்ட போட்டேன். கடையில ஈ ஓட்டுறோம், ஒங்களுக்கு என்ன வீம்புன்னு கேட்டேன். 'வருவாக'ன்னாக. ஒங்க வண்டி வாசல்ல வந்து நிக்கிறப்பல்லாம் பின்னாடி வீட்டுக்குள்ள எட்டிப் பாத்து, 'வந்துட்டாக, இன்னைக்குச் சொல்லிருவாக, டீ போடு'ம்பாக."

தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். கிரேஸ் அடுத்த பில் கட்டை எடுத்து வைத்துக்கொண்டது. கம்பத்துக்கு வந்து ராசுவிடம் கேட்டேன். "ஆமா, போனேன்" என்றான். என் வீட்டில் ஆறு வருடம் என்னோடு உட்கார்ந்து சோறு தின்றவன் அவன்.

சங்கத்தாரே, இதில் ஒரு வரியும் வெட்டாமல் அச்சடியுங்கள். ஞானதுரை விற்ற டயரில் எந்தக் குறையும் இல்லை. அவர் பழைய சரக்கு விற்றதில்லை. அவர் கடையை ஒதுக்கியவர்கள் என் மௌனத்தை நம்பி ஒதுக்கினார்கள். கடையை கிரேஸ் நடத்தப்போகிறது. பழைய ஆள்தான் மாட்டிக் கொடுக்கிறார், தராசும் பக்கத்தில்தான் இருக்கிறது. போங்கள்.

இறந்தவரிடமிருந்து தன்னிடம் என்ன தங்கியிருக்கிறது என்று கடைசியில் எழுதுவார்கள். அவர் சொன்ன டயர் விஷயமெல்லாம் உங்களிடமும் இருக்கிறது, அதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. எனக்கென்று தனியாக இருப்பது அந்த டீ மட்டும்தான். மற்ற கடைகளைப்போல வாடிக்கையாளருக்கு டீ கொடுக்கிற மனிதர் அல்ல அவர். எனக்கு மட்டும் ஏன் வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் டம்ளரை நீட்டிவிட்டு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார், அவசரப்படுத்த மாட்டார், நான் பேசுவதற்காக வேலையைக்கூட நிறுத்திவைப்பார். நான் மழை பெய்யவில்லை என்பேன், திராட்சை விலை இறங்கிவிட்டது என்பேன். ஆறு வருடமும், ஒவ்வொரு முறையும், டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.